வாட்ஸ்அப்பின் இரட்டை அம்புக்கு மூன்றரை நட்சத்திரம்

வாட்ஸ்அப்பில் சில செய்திகளின் தலையில் இரண்டு அம்புக்குறியோடு 'ஃபார்வேர்டட் மெனி டைம்ஸ்' என்று பொடி எழுத்தில் வருமே, அதற்குத்தான் இந்த ரிவ்யூ.

விஷயம் எளிது. முதலில் அனுப்பியவரிடமிருந்து கிளம்பி ஐந்து கை மாறிவிட்டால் இரட்டை அம்பு விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குத்தான் தள்ள முடியும். 2018-லேயே இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்துவிட்டார்கள், காரணம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வதந்தி. போளூர் பக்கம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை ஊரே அடித்துக் கொன்றது அந்த வருட மே மாதம்தான். அந்தச் சமயம் இந்தியாவில் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அசலில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம், கடைசியில் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

அம்பு நல்லதுதான். ஆனால் பல கை மாறியது என்றுதான் சொல்லும், உண்மையா என்று சொல்லாது. எழுத்தை காப்பி செய்து ஒட்டினால் அம்பே இருக்காது. அதைவிட, எங்கள் பெரியம்மா அதைத் தலைகீழாகப் படிக்கிறார். "இத்தனை பேர் அனுப்பியிருக்காங்கன்னா சும்மாவாடா?" சரி, அவர் அனுப்பிய ஒரு செய்தி பொய் என்று ஆதாரத்தோடு காட்டினேன். "பொய்யா இருந்தா நல்லதுதானே. நிஜமா இருந்துட்டா?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்பி அனுப்புகிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் அனுப்புவது பேரப்பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது பக்கத்தில் நின்று பதறுகிற மாதிரி ஒரு பதற்றம். அதை எந்த அம்பு தடுக்கும்?

நானும் யோக்கியன் இல்லை. போன மழையில், நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் பெயரில் வந்த ஒரு படத்தை, இரட்டை அம்போடு, ராத்திரி பத்து மணிக்கு அபார்ட்மெண்ட் குரூப்பில் தட்டிவிட்டேன். முதலில் சொன்னவன் நான்தான் என்ற சந்தோஷம் வேறு. காலையில் ஸ்கூல் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தபோது எங்கள் பிளாக்கில் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை, என் மகன் உட்பட.