டிட்லிஸா, யுங்ஃப்ராவ்யோக்கா: ஒரே ஒரு ஸ்நோ நாள் கையில் இருந்தால்

மட்டக்களப்பிலிருந்து சுவிஸில் உள்ள உறவுகளைப் பார்க்கப் போகிற எல்லாரும் ஒரு நாளாவது ஸ்நோ பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். அங்கே இருப்பவர்களுக்கோ வேலை. அவர்கள் லீவு போட்டு நம்மைக் கூட்டிப்போக ஒரு நாள் கிடைத்தாலே பெரிய காரியம். போன சித்திரை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போனபோது எங்களுக்கும் அப்படித்தான். சுவிஸில் ஸ்நோ பார்க்கப் போகிற இரண்டு மலையிடங்களான டிட்லிஸா, யுங்ஃப்ராவ்யோக்கா என்று ஒரு கிழமை பேசினோம். கடைசியில் போனது யுங்ஃப்ராவ்யோக். மறுபடி போனாலும் அதையே தெரிவு செய்வேன். அதற்குக் காரணம் உயரமோ அழகோ இல்லை, காற்று.

தெரிந்த விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்திலும் வருடம் முழுக்க உறைபனி உண்டு. டிட்லிஸில் மேல் நிலையம் 3020 மீற்றர், யுங்ஃப்ராவ்யோக் 3454 மீற்றர். நம்முடைய பீதுருதாலகாலையே 2524 தான், ஆகவே இரண்டிலும் மூச்சு வாங்கும், மெதுவாக நடக்க வேண்டும். டிட்லிஸுக்கு டிக்கெட் ஏறக்குறைய பாதி விலை. லூசெர்னிலிருந்து முக்கால் மணி நேரத்தில் டிட்லிஸ் அடிவார ஊரான எங்கெல்பெர்க் வந்துவிடலாம். சுழலும் கேபிள் காரும் அங்கேதான். அத்தான் டிட்லிஸ் பக்கம் நின்றதற்கு இதெல்லாம் நியாயமான காரணங்கள்.

காலநிலை ஆப்பை அக்கா திறந்து காட்டியபோதுதான் என் மனம் மாறியது. நாங்கள் போக நினைத்திருந்த வியாழக்கிழமைக்கு 'ஃபோஹ்ன்' என்று போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். அக்கா விளக்கம் சொல்லச் சொல்ல, இது நம்முடைய கச்சான் காற்றல்லவா என்று தோன்றியது. ஆனி ஆடியில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி மட்டக்களப்பை வறுத்தெடுக்கிறது. ஈரம் போன காற்று நூறு மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகும். கல்லடியில் மத்தியானம் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே வெக்கை. அங்கே தெற்கிலிருந்து வரும் காற்று அல்ப்ஸின் தென்சரிவில் மழையும் ஸ்நோவும் கொட்டிவிட்டு, வடக்குப் பள்ளத்தாக்குகளில் சூடாக இறங்குகிறது. எங்கெல்பெர்க் அப்படியான ஒரு பள்ளத்தாக்கு. வசந்த காலத்தில், அதாவது நம்முடைய சித்திரை விடுமுறைக் காலத்தில்தான், இது அடிக்கடி வரும்.

கச்சான் அடித்தால் நமக்கு வியர்க்கும், அவ்வளவுதான். ஃபோஹ்ன் அடித்தால் மலை முகட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், தொங்கும் பெட்டிகளை நிறுத்த வேண்டி வரும். டிட்லிஸுக்கு எங்கெல்பெர்க்கிலிருந்து உச்சி வரை கம்பியில்தான் போகிறோம். கம்பி நின்றால் வேறு வழி இல்லை. கீழே வெயில் எறித்து வானம் நீலமாக இருக்கும், மேலே போக முடியாது. ஒரே ஒரு நாள் வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

யுங்ஃப்ராவ்யோக்கில் கடைசிப் பகுதி பற்சக்கர ரயில். 1896இல் தொடங்கி 1912இல் முடித்த பாதை. ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஐகர், மோன்ஹ் மலைகளின் வயிற்றுக்குள்ளே சுரங்கத்தில் போகிறது. சுரங்கத்துக்குள் காற்று என்ன செய்யும்? அடிவார ஊரான கிரிண்டல்வால்டிலிருந்து சுரங்க வாசல் வரை 2020இல் தொடங்கிய கேபிள் கார் ஒன்று இருக்கிறது, கால் மணி நேரம். அது மூன்று கம்பியில் ஓடுவதால் காற்றைக் கூடுதலாகத் தாங்கும். அதுவும் நின்றால் க்ளைன ஷைடெக் வழியாகப் பழைய ரயில் இருக்கிறது. "கோச்சி இருக்கிற இடத்துக்கே போவோம்" என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது.

சரி, ரயில் மேலே கொண்டுபோய் விடும். பார்க்க ஏதாவது இருக்குமா என்பது வேறு கேள்வி. முகில் மூடினால் அவ்வளவு காசு கொடுத்து வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்போம். காற்று கடுமையாக இருந்தால் வெளியே பனியில் நடக்கும் இடங்களையும் மூடிவிடுவார்கள். அதனால் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கவில்லை. வியாழனை விட்டோம். ஃபோஹ்ன் ஓய்ந்ததும் குளிர்காற்று வந்து வெள்ளியும் சனியும் புது ஸ்நோ கொட்டியது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அக்கா சமையலறையில் தேநீரை வைத்துக்கொண்டு மலை உச்சி நேரலைக் கமராவைப் போனில் பார்த்தோம். முதலில் இருட்டு, பிறகு நீலம், பிறகு ஒரு விளிம்பு மட்டும் ரோஸ் நிறமானது. அத்தான் அப்போதே சப்பாத்தைப் போட்டுவிட்டார்.

மேலே மைனஸ் 11. அலெட்ச் பனியாறு இருபது கிலோமீற்றருக்கு மேல் நீளம், அல்ப்ஸில் இதை விட நீளமானது இல்லை. அதன் வளைவு தெரியத் தெரிய அம்மா ஒன்றும் பேசவில்லை. என் மகன்தான் ஏமாந்துபோனான். ஸ்நோ உருண்டை பிடிக்கப் பார்த்தான், பிடிபடவில்லை. அந்தக் குளிரில் ஸ்நோ வறுத்த அரிசிமா போல விரலிடுக்கில் கொட்டிப்போகிறது. பூச்சியப் பாகையை ஒட்டிய ஈர ஸ்நோதான் உருண்டை பிடிக்கும். பிள்ளைகள் ஸ்நோவில் விளையாடுவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இது டிட்லிஸ் பக்கம் ஒரு புள்ளி. அங்கே பாதி வழியில் ட்ரூப்ஸே ஏரி 1800 மீற்றரளவில் இருக்கிறது, அந்த உயரத்தில் சித்திரையில் ஸ்நோ ஈரமாகிவிடும், சறுக்கி விளையாடவும் வசதி உண்டு என்று அத்தான் சொன்னார். நான் டிட்லிஸ் ஏறியதில்லை. பனிச்சறுக்குப் பலகையில் நின்றதும் இல்லை. ஆகவே சறுக்கப் போகிறவர்களுக்கு எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை.

இன்னொன்று. உங்கள் உறவுகள் லூசெர்ன், சூரிச் பக்கம் இருந்து, விடிந்த பிறகு முடிவெடுத்துக் கிளம்ப முடியுமானால், டிட்லிஸ் நல்ல தெரிவுதான். காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போகலாம், காசும் மிச்சம். இன்ன திகதி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு ரயிலே பாதுகாப்பு.

எதற்குப் போனாலும் ஆப்பில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். உச்சியில் காற்றின் வேகம் என்ன, எந்தத் திசை என்று பாருங்கள். தெற்கு என்று இருந்தால் யோசியுங்கள். மார்கழி, தையில் போகிறவர்களுக்கு அக்கா சொன்னது வேறு. அந்த மாதங்களில் தாழ்நிலம் முழுக்க மூடுபனி படுத்துக் கிடக்கும், நாள்கணக்காகச் சூரியன் தெரியாது. யன்னலால் பார்த்துவிட்டுப் பயணத்தை விட்டுவிடுவார்களாம். அன்றைக்குத்தான் மூடுபனிக்கு மேலே மலைகள் முழு வெயிலில் நிற்கும். கமராவைத் திறந்து பார்த்தால் தெரியும்.