"சூடு குறைஞ்சிடுச்சு பாருங்க சார்" என்று கடையில் காட்டினால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள்

அறிவியல் ஆய்வுகளுக்கான கணக்குகளை நம் கணினியில் ஓட்டித் தரும் பாயிங்க், ஃபோல்டிங் அட் ஹோம் போன்ற மென்பொருள்களை லேப்டாப்பில் இரவு பகலாக ஓட்டுகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. சூட்டைக் குறைத்துத் தருகிறோம் என்று ஒரு சர்வீஸ் கடையில் 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். உருப்படியாக எதையும் செய்யாமல், விண்டோஸில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கடையும் செய்யக்கூடிய வேலைதான் இது, பார்க்கிறவருக்கு லேசில் பிடிபடாது.

எங்கள் குழுவில் ஓடும் லேப்டாப்களில் ஒன்று அது. ஐ5-8250யு புராசசர், கூடவே எம்எக்ஸ்150 கிராஃபிக்ஸ். 4 கோர், 8 த்ரெட் (ஒரே சமயத்தில் எட்டு வேலை ஓடும்), அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது தானே கூட்டிக்கொள்ளும் வேகம்) 3.4 வரை. சிப் தாங்கும் உச்சம் 100 டிகிரி. எட்டு த்ரெட்டிலும் பாயிங்க்கின் ஆய்வுகளில் ஒன்றான ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஓடும்போது சூடு 97, 98 என்று நின்றது. வேகம் 1.7க்கும் 2.1க்கும் நடுவே ஏறி ஏறி இறங்கியது. ஃபேன் முழு வேகத்தில் கத்தியும் பக்கவாட்டில் வெளிவந்த காற்றில் சூடே இல்லை. சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக பாகமான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்திருக்கலாம், அல்லது சிப்பின் சூடு ஹீட் சிங்க்குக்குச் சரியாகப் போகாமல் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி இது.

கடையில் போட்ட பில்: ஃபேன் 1,300, "ஃபாரின் பேஸ்ட்" (சிப்பிலிருந்து ஹீட் சிங்க்குக்குச் சூட்டைக் கடத்த நடுவே பூசுவது) 600, கூலி 900. மறுநாள் டெலிவரி எடுக்கும்போது சூடு காட்டும் மென்பொருளைத் திறந்து, கூடவே லோடும் (புராசசருக்கு முழு வேலை) கொடுத்துக் காட்டினார்கள். 62 டிகிரி. 97 இருந்தது 62 ஆனால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகத்தைக் கிளப்பியது டாஸ்க் (கணக்கு வேலையின் ஒரு துண்டு) முடியும் நேரம். ஐன்ஸ்டைனின் அதே வகை டாஸ்க்குகள் முன்னால் எடுத்ததைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் எடுத்தன. (பாயிங்க்கில் ரொசெட்டா என்ற ஆய்வை ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அதில் ஒரு டாஸ்க் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதே முன்கூட்டி வைத்த அளவு, வழக்கமாக 8 மணி நேரம். புராசசர் எவ்வளவு மந்தமானாலும் அதே நேரத்தில்தான் முடியும், செய்த வேலைக்குக் கிடைக்கும் கிரெடிட் புள்ளி மட்டும் குறையும்.) சூடு, வேகம் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸில் ஆணி அடித்ததுபோல் நின்றது. சூட்டால் வேகம் குறைந்தால் எண் இப்படி அசையாமல் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கிறது என்றால் யாரோ பூட்டு போட்டிருக்கிறார்கள்.

பூட்டு இருந்த இடம்: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ், புராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் புராசசர் ஸ்டேட் (புராசசர் அதிகபட்சம் எத்தனை சதவீத வேகத்தில் ஓடலாம் என்பது). பேட்டரிக்கும் மின் இணைப்புக்கும் தனித்தனியாக இருக்கும் இந்த இரண்டு எண்களும் 100 இருக்க வேண்டியவை, இரண்டும் 70 ஆக்கப்பட்டிருந்தன. திரும்ப 100 வைத்ததும் சில நிமிடங்களில் சூடு பழைய 97க்கே போய்விட்டது. பில் போடும்போது கடையில் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டு எழுதி வாங்கியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. தூசி எடுக்கவும் பேஸ்ட் மாற்றவும் பாஸ்வேர்டு தேவையே இல்லை. லோடு கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் நீங்கள் எதிரில் இருக்கும்போது நீங்களே திறந்து கொடுக்கலாம்.

பின்பக்க மூடியைக் கழற்றியதும் மீதிக் கதை வெளியே வந்தது. ஃபேனில் பழைய தயாரிப்புத் தேதி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, இறக்கைகளின் விளிம்பில் பழைய கறுப்புப் படிவமும் இருந்தது. மாற்றவே இல்லை. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் ஒரே பாளமாக உட்கார்ந்திருந்தது. வெளியே இருந்து புளோயர் அடித்திருப்பார்கள் போல. அப்படி அடித்தால் இந்தப் பாளம் கொஞ்சம் உள்ளே நகரும், ஃபேன் சுற்றியதும் திரும்ப அதே இடத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். ஃபேனைக் கழற்றி, பாளத்தைக் கையால் உருவி எடுப்பதுதான் வழி. புளோயர் அடிப்பதாக இருந்தாலும் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அளவு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

பேஸ்ட் விஷயத்தில் கொஞ்சம் "வேலை" நடந்திருந்தது. நடக்காமலே இருந்திருக்கலாம். பழைய பேஸ்ட் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்க, அதைத் துடைக்காமல் மேலேயே மலிவான வெள்ளை பேஸ்ட்டைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். ஹீட் சிங்க்கைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களில் ஒன்றைக் காணோம், அதனால் அந்த மூலை சிப்பின் மேல் அழுந்தவில்லை. கிராஃபிக்ஸ் மெமரி சிப்கள்மேல் புதிதாக வைத்த தெர்மல் பேடில் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை), ஒட்டுவதற்கு முன் உரிக்க வேண்டிய நீல பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது! காசு வாங்கி இந்த வேலையைச் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

சரியாகச் செய்தால் இப்படித்தான் இருக்க வேண்டும். முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அச்சடித்திருக்கும். முடுக்கும்போது அந்த வரிசையில், ஒரே மூச்சில் இறுக்காமல், எல்லாவற்றையும் பாதி பாதியாக இறுக்கி வர வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் சிப்பின் கண்ணாடிப் பளபளப்பு தெரியும்வரை துடைக்க வேண்டும். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், நார் விடும். லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, சிலிக்கான் நேராக வெளியே தெரியும். அதனால் நடுவில் ஒரு சொட்டு வைத்து அழுத்தினால் மூலை விட்டுப்போகலாம். அரிசி அளவு பேஸ்ட்டை எடுத்து முழுப் பரப்பிலும் மெல்லியதாகத் தடவுவதே நல்லது. 4 கிராம் குழாய் ஒன்று வாங்கினால் பல லேப்டாப்களுக்கு வரும்.

நம் பயன்பாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ஹீட் சிங்க்கும் சிப்பும் விரிந்து சுருங்குவதால், இளகலான பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிப் போகும். புதிதில் அருமையாக இருந்து, சில மாதங்களில் நடுப்பகுதி வறண்டுவிடும். கெட்டியான பேஸ்ட் இதைத் தாங்கும். பேஸ்ட்டுக்குப் பதில் வைக்கும் ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாள் இன்னும் நன்றாகத் தாங்கும். அது சுமார் 45 டிகிரியில் இளகித் தானே பரவிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஆன்லைனில் போலிகள் அதிகம். பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்டுத் தருகிறோம் என்று எவராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரமும் கடத்தும், ஒரு சொட்டு வழிந்தால் போர்டே போச்சு.

தெர்மல் பேடின் தடிமனையும் கேளுங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொள்ளும், மெமரி குளிர்ந்து புராசசர் கொதிக்கும்.

அந்த லேப்டாப்பை இந்த முறையில் சுத்தம் செய்து, காணாமல் போன ஸ்க்ரூவையும் போட்டு, அதே அறையில் எட்டு த்ரெட்டும் ஓட்டியதில் 82 டிகிரி, 2.4 கிகாஹெர்ட்ஸ். 62 டிகிரியை விட இது அதிகம்தான். ஆனால் வேலை இரண்டு மடங்குக்கும் மேல் நடக்கிறது. கடைக்காரர் 62ஐக் காட்டி ஏமாற்ற முடிந்தது நாம் சூட்டை மட்டும் பார்ப்பதால்தான். சூடு, வேகம், வாட் (புராசசர் இழுக்கும் மின்சாரம்), அறை வெப்பம் நான்கையும் சேர்த்துக் குறிக்காத எந்த "முன், பின்" கணக்கும் செல்லாது. கடைக்குக் கொடுப்பதற்கு முன் எல்லா கோருக்கும் லோடு கொடுத்து 20 நிமிடம் ஓட்டி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், வாங்கும்போது அதையே அங்கேயே செய்யச் சொல்லுங்கள். இரண்டு நிமிட டெமோ போதாது, ஹீட் சிங்க்கும் பாடியும் முழுசாகச் சூடேற அந்த 20 நிமிடமும் வேண்டும்.

வேகத்தைக் குறைப்பது தவறு என்று சொல்லவில்லை. 24 மணி நேரமும் ஓட்டுகிறவர் டர்போவை அணைத்து வைப்பது நல்ல யோசனைதான். மேக்சிமம் புராசசர் ஸ்டேட்டை 99 வைத்தால் டர்போ நின்றுவிடும். பாயிங்க்கில் எத்தனை சதவீத சிபியூக்கள் என்பதை 50 ஆக்கினால் எட்டுக்குப் பதில் நான்கு டாஸ்க் ஓடும். நான்கு கோருக்கும் வேலை இருப்பதால் உற்பத்தி பாதியாகக் குறையாது. அதற்குக் கீழே இருக்கும் சிபியூ நேரம் என்ற சதவீதத்தைத் தொடாதீர்கள். அது டாஸ்க்கை நிறுத்தி நிறுத்தி ஓட்டும், சூடும் அதற்கேற்ப ஏறி இறங்கும், ஃபேன் மூச்சு வாங்கும். ஆனால் இவையெல்லாம் உரிமையாளர் தெரிந்து எடுக்கும் முடிவுகள், இலவசமாகச் செய்துகொள்ளக் கூடியவை. இதற்கு 2,800 ரூபாய் பில் கிடையாது.

பேட்டரியைக் கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பில் 100 சதவீதமும் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். டச்பேட் மேலே தூக்கினாலோ கிளிக் ஆகாமல் போனாலோ அதுதான் அறிகுறி, அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். பல பிராண்டுகளின் மென்பொருளில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு.

கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "சூடு குறைக்கணும்னுதானே சார் கேட்டீங்க? குறைச்சுக் கொடுத்தாச்சு." பழைய ஃபேனைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு நின்றது. ஃபேனுக்கான 1,300 திரும்ப வந்தது, மீதிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. ஃபேன் காசு திரும்பியதற்கே காரணம் பில்லில் ஃபேன் என்று தனி வரி இருந்ததுதான். "ஜெனரல் சர்வீஸ்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். உதிரிப்பாகம், பேஸ்ட்டின் பெயர், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.