உறையைப் பிரித்துக் காட்டாத அத்திப் பதியத்தை வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் செடி வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஜூலையில் சாட்ஸ்வொர்த் பக்கம் பக்கி என்னும் சின்னச் சரக்கு வண்டியில் செடி விற்ற ஒருவரிடம் சீமை அத்தி இரண்டு வாங்கினேன். ஒன்று 280 ராண்ட். ஆடம் ரகம், விண்பதியம் போட்டு எடுத்தது, அடுத்த கோடையிலேயே காய்க்கும் என்றார். மரத்திலிருக்கும் கிளையில் பட்டையை உரித்து, ஈரமான பாசியை (செடி வளர்க்கப் பயன்படும் காய்ந்த பாசி) வைத்து உறை கட்டி, வேர் விட்டதும் வெட்டி எடுப்பதுதான் விண்பதியம். தமிழில் பேசினார், அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. விரல் கனத்தில் மொட்டைக் குச்சி, அடியில் மண் பை.

“இலையே இல்லையேப்பா?”

“குளிர்காலம்க்கா, அத்தி தூங்குது. வேரைத் தொந்தரவு பண்ணாதீங்க, ஒரு வருஷம் பையிலேயே இருக்கட்டும்.”

அத்தி குளிர்காலத்தில் இலை உதிர்ப்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றைச் சம்பந்தியம்மா புதுவீடு புகுந்தபோது கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் கடைசியில் நான்கு இலை விட்டது. வேரில்லாத குச்சிகூடத் தனக்குள் மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு துளிர்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. செப்டம்பரில் மலைப்பக்கமிருந்து அனல்காற்று அடித்த ஒரே நாளில் இலையெல்லாம் தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினேன், நிழலில் வைத்தேன். குச்சி கறுத்ததுதான் மிச்சம்.

பையைக் கிழித்தேன். மண்ணுக்குள் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய பாசி உருண்டை அப்படியே இருந்தது! அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்பார்களே, அந்தக் கதை. பாசிக்குள் ஒரு வேர் கிடையாது. பட்டையை உரித்த இடத்தில், அடியிலிருந்த வழவழப்பான படலத்தைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார். பட்டை மறுபடி கூடிக்கொண்டால் மரம் வேர்விட வேண்டிய அவசியமே இல்லை. அதையும் பார்க்காமல் வெட்டி விற்றிருக்கிறார். போன் செய்தால், “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்கக்கா.” அப்புறம் போனை எடுக்கவே இல்லை. சம்பந்தியம்மா செடியும் அதே வாரம் போயிற்று. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

அக்டோபரில் பக்கத்து வீட்டு அத்தி மரத்தில் நானே பதியம் கட்டினேன். பென்சில் கனக் கிளையில் 3 செ.மீ. வளையமாகப் பட்டையை எடுத்து, வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டி, நனைத்துப் பிழிந்த பாசியை வைத்து, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டி, மேலே அலுமினியத் தாள் சுற்றினேன். கையுறை போடுங்கள், அத்திப்பால் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரும். ஐந்தாவது வாரம் தாளை விலக்கினால் பிளாஸ்டிக் ஓரமெல்லாம் வெள்ளை வேர்.

விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அந்த வேரைத்தான். காட்ட மறுத்தால் காசை எடுக்காதீர்கள். என் முதல் பதியம் சம்பந்தியம்மாவுக்குத்தான். உறையை அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.