கூட்டினால் 41, கிடைத்தது பூஜ்யம்: தமிழ்நாட்டின் மக்களவைக் கூட்டணிகள், ஓர் ஒப்பீடு

2024 ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை முடிந்தபோது, தமிழ்நாட்டில் தி.மு.க. அணிக்கு விழுந்திருந்தவை சுமார் 47 சதவீத வாக்குகள். அ.தி.மு.க. அணிக்கு 23, பா.ஜ.க. அணிக்கு 18. பின்னவை இரண்டையும் கூட்டினால் 41. இடங்களைப் பார்த்தால் தி.மு.க. அணிக்கு 39, மற்ற இரண்டு அணிகளுக்கும் ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே தொலைக்காட்சி விவாதங்களில் கால்குலேட்டரைக் கையில் எடுத்துவிட்டார்கள். "சேர்ந்து நின்றிருந்தால் பத்து, பன்னிரண்டு தொகுதிகள் வந்திருக்குமே" என்பது அவர்கள் கணக்கு. கோவையில் பா.ஜ.க.வின் அண்ணாமலைக்குச் சுமார் 4.5 லட்சம், அ.தி.மு.க.வுக்கு 2.36 லட்சம், வென்ற தி.மு.க.வுக்கு 5.68 லட்சம். தாளில் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. அதற்கான காரணம் தர்மபுரியில் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அதற்குமுன், ஒரு மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள் எவை, அவற்றில் எது எப்போது எடுபட்டது என்று பார்த்துவிடலாம். வழிகள் மூன்றுதான். கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்துப் பெரிய அணி கட்டுவது, ஒற்றை ஆளாக நிற்பது, இரண்டு கழகங்களும் வேண்டாம் என்று மூன்றாவது அணி அமைப்பது.

பெரிய அணி

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2004. தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் ஒரே மேடையில் ஏறின. தி.மு.க.வுக்கு 16, காங்கிரசுக்கு 10, பா.ம.க.வுக்கு 5, ம.தி.மு.க.வுக்கு 4, இடதுசாரிகளுக்குத் தலா 2 என முப்பத்தொன்பதும் வந்தன. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் சேர்ந்து நின்றும் ஒரு தொகுதிகூடத் தேறவில்லை.

கருணாநிதியின் கூட்டணிச் சாமர்த்தியம் என்றே இதை இன்றும் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. 2003இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் லட்சக்கணக்கில் பணிநீக்கம் செய்தது ஜெயலலிதா அரசு. மதமாற்றத் தடைச் சட்டம் சிறுபான்மையினரைப் பகைத்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடை கிராமங்களைப் பகைத்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் வைகோவைச் சிறையில் வைத்தது ம.தி.மு.க.வை மறுபக்கம் தள்ளியது. தோற்ற கையோடு அந்த உத்தரவுகளில் பெரும்பாலானவற்றை ஜெயலலிதாவே திரும்பப் பெற்றார் என்பதிலிருந்து, தோல்வி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது புரிகிறது. கோபம் ஏற்கெனவே ஊரெல்லாம் இருந்தது. அது நான்கைந்து சின்னங்களுக்குச் சிதறிப்போகாமல் பார்த்துக்கொண்டதுதான் கூட்டணி செய்த வேலை.

2019இல் அதே கட்டுமானம் திரும்பி வந்தது. தி.மு.க. 20 இடங்களில் மட்டும் நின்று, மீதி 19ஐக் கூட்டணிக்குக் கொடுத்தது. 53 சதவீதத்தை ஒட்டிய வாக்குகள், 38 தொகுதிகள். தேனியில் மட்டும் சறுக்கியது. 2024இல் அணி ஏறக்குறைய அதுவே, ஆனால் வாக்கு ஆறு சதவீதம் சரிந்தது. இடமோ ஒன்று கூடியது! கூட்டணி பலம் என்று பேசுகிறவர்கள் இந்த ஓர் ஒப்பீட்டில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பலம் குறைந்தும் வெற்றி பெரிதானதற்கு முக்கியக் காரணம், 2023 செப்டம்பரில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பிரிந்ததுதான். தி.மு.க.வின் மிகப் பயனுள்ள தேர்தல் வேலையை அந்த ஆண்டு அதன் எதிரிகள் செய்துகொடுத்தார்கள்.

பெரிய அணி தோற்றதே இல்லையா என்றால், தோற்றிருக்கிறது. 2011 சட்டமன்றத் தேர்தலில் பா.ம.க., விடுதலைச் சிறுத்தைகள் இரண்டையும் ஒரே அணியில் வைத்திருந்தது தி.மு.க. வட மாவட்டங்களின் இரண்டு பெரிய வாக்குத் தொகுதிகள் ஒரே பக்கம். தாளில் பார்த்தால் அசைக்க முடியாத அணி. பா.ம.க. 30 இடங்களில் நின்று மூன்றில் வென்றது. சிறுத்தைகள் பத்தில் நின்று ஒன்றிலும் வெல்லவில்லை. மேடையில் தலைவர்கள் கைகோத்து நின்றால் ஊரும் சேரியும் ஒரே பட்டனை அழுத்திவிடும் என்று நினைத்தது அண்ணா அறிவாலயத்தின் கணக்கு. ஊருக்கு வேறு கணக்கு இருந்தது.

தர்மபுரி சொல்வது

2014இல் பா.ஜ.க. அணியில் நின்ற பா.ம.க.வின் அன்புமணி தர்மபுரியில் சுமார் 4.68 லட்சம் வாக்குகள் வாங்கி வென்றார். இரண்டாவது வந்த அ.தி.மு.க.வுக்கு 3.91 லட்சம். தி.மு.க.வுக்கு வெறும் 1.8 லட்சம். ஐந்து ஆண்டுகள் கழித்து முதல் இரண்டு கட்சிகளும் ஒரே அணி. கூட்டினால் எட்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. தொகுதிப் பங்கீட்டில் ஏழு இடங்களும் ஒரு மாநிலங்களவை இடமும் பா.ம.க. வாங்கியதற்கு இப்படிப்பட்ட கணக்குதான் அடிப்படை.

2019இல் அன்புமணிக்குக் கிடைத்தது 5.04 லட்சம். அதாவது, அ.தி.மு.க. என்ற பெரிய கட்சி வந்து சேர்ந்ததில் அவருக்குக் கூடியது நாற்பதாயிரம்கூட இல்லை. தி.மு.க.வின் செந்தில்குமார் 5.74 லட்சம் வாங்கிச் சுமார் 70 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கூட்டணி பற்றிப் பேசும் பலர் இதைக் கவனிப்பதில்லை. அதே நாள், அதே வாக்குச்சாவடிகளில், அதே தர்மபுரி மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. இரண்டிலும் அ.தி.மு.க. வென்றது. அரூர் தனித்தொகுதி. இரட்டை இலைக்கு வாக்களித்த கை, பக்கத்து இயந்திரத்தில் பா.ம.க.வின் மாம்பழத்துக்குப் போகவில்லை. பட்டியல் சமூக வாக்காளர்கள் பா.ம.க.வை ஏற்கவில்லை, சிறுபான்மையினர் பா.ஜ.க. இருந்த அணியை ஏற்கவில்லை, ஆனால் மாநிலத்தில் எடப்பாடி பழனிசாமி ஆட்சி தொடர்வதில் பலருக்கு ஆட்சேபமில்லை. இந்த மூன்றும் ஒரே ஆளின் மனத்திலும் இருக்கலாம்.

2024இல் மறுபடி பிரிந்தார்கள். பா.ம.க.வின் சௌமியா அன்புமணிக்கு 4.11 லட்சம், அ.தி.மு.க.வுக்கு 2.93 லட்சம், தி.மு.க. 4.32 லட்சம் வாங்கி 21 ஆயிரம் வித்தியாசத்தில் கரையேறியது. மறுபடியும் கால்குலேட்டர். மறுபடியும் ஏழு லட்சம். 2019இல் இவர்கள் சேர்ந்து நின்றபோது ஏன் அந்த ஏழு லட்சம் வரவில்லை என்று கேட்பவர் எவரும் இல்லை.

எல்லாத் தொகுதியும் தர்மபுரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொங்கு மண்டலத்தில் அ.தி.மு.க. வாக்காளருக்கும் பா.ஜ.க. வாக்காளருக்கும் இடையே சமூகப் பகை எதுவும் குறுக்கே நிற்பதில்லை. அங்கே வாக்கு மாறி விழும் வாய்ப்பு அதிகம். கோவைக் கணக்கை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் பக்கத்திலேயே நீலகிரியில் தி.மு.க.வின் ஆ. ராசா 4.73 லட்சம் வாங்கினார், பா.ஜ.க.வின் எல். முருகனுக்கும் அ.தி.மு.க.வுக்கும் கிடைத்ததைச் சேர்த்தாலே 4.53 லட்சம்தான். ஒரு வாக்கும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தாலும் தோல்வியே.

தனி வழி

2014இல் ஜெயலலிதா செய்தது துணிச்சல் என்று பாராட்டப்படுகிறது. கம்யூனிஸ்டுகளோடு பேசிக்கொண்டே 40 தொகுதிகளுக்கும் வேட்பாளர்களை அறிவித்தார், பிறகு அவர்களையும் விட்டுவிட்டார். சுமார் 44 சதவீத வாக்குகளில் தமிழ்நாட்டின் 39இல் 37 இடங்கள். மோடி அலை விந்தியத்தைத் தாண்டி வந்தும் தமிழ்நாட்டில் தடுக்கி நின்றதற்கு அவரே காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அவருக்கு எதிராக விழுந்த வாக்கு பாதிக்கு மேல். அது மூன்று பக்கம் போனது. தி.மு.க. அணி ஒரு பக்கம், பா.ஜ.க., தே.மு.தி.க., பா.ம.க., ம.தி.மு.க. சேர்ந்த அணி இன்னொரு பக்கம், எவரும் சேர்த்துக்கொள்ளாத காங்கிரஸ் தனியே. இலங்கைப் பிரச்சினையை முன்வைத்து 2013 மார்ச்சில் தி.மு.க. மத்திய அரசிலிருந்து வெளியேறியதால், 2004இன் அணி சுக்குநூறாகிக் கிடந்தது. அந்த ஆண்டு தனித்து நிற்பது ஜெயலலிதாவுக்குச் சரியான முடிவு. அவருடைய தனிமை துணிச்சல் மட்டுமல்ல, எதிரிகள் ஒன்றுசேர மாட்டார்கள் என்று தெரிந்து எடுத்த கணக்கும்கூட. அப்போதுகூடக் கன்னியாகுமரி அவருக்கு வசப்படவில்லை. அங்கே பா.ஜ.க. முதலிடம், தனித்து நின்ற காங்கிரஸ் இரண்டாமிடம், இரட்டை இலை மூன்றாமிடம். குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் தேசியக் கட்சிகளுக்கு நடுவில்தான் மக்களவைப் போட்டி நடக்கிறது. கழகங்கள் கூட்டணி பேசும்போது அந்தத் தொகுதியைப் பெரும்பாலும் தேசியக் கட்சிக்குத் தள்ளிவிடுவது தாராள மனத்தால் அல்ல.

நடுத்தரக் கட்சிக்குத் தனி வழி என்ன தரும்? 2009இல் விஜயகாந்தின் தே.மு.தி.க. தனித்து நின்று பத்து சதவீதம் வாங்கியது. இடம் இல்லை. ஆனால் அந்தப் பத்து சதவீதம், தி.மு.க.வின் மீதிருந்த அதிருப்தியில் பெரிய பங்கை அ.தி.மு.க.விடம் போகாமல் நிறுத்தியது. தி.மு.க. அணிக்கு 27, அ.தி.மு.க. அணிக்கு 12 என்று முடிந்த அந்தத் தேர்தலில், கடைசி நேரத்தில் அ.தி.மு.க. பக்கம் போன பா.ம.க. நின்ற எல்லா இடங்களிலும் தோற்றது. கொங்கு நாட்டில் புதிதாக முளைத்த கொங்குநாடு முன்னேற்றக் கழகமும் கோவையில் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிப் போட்டியைக் குலைத்தது. இன்று நாம் தமிழர் இருக்கும் இடமும் இதுதான்: 2024இல் எட்டு சதவீதம், எந்தத் தொகுதியிலும் வெற்றிக்கு அருகில் இல்லை. இடத்துக்காக அந்தக் கட்சி நிற்கவில்லை என்று அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். மக்களவை மட்டுமே குறியென்றால் இது வழியே இல்லை.

மூன்றாவது அணி

இதை நீட்ட வேண்டியதில்லை. 1999இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) இரு கழகங்களையும் விட்டு விலகித் தனி அணி கண்டது, 1996இல் தி.மு.க.வோடு சேர்ந்து 20 இடங்களை வென்ற கட்சி, மூன்றே ஆண்டுகளில் பூஜ்யத்துக்கு வந்தது. 2014இல் பா.ஜ.க. கட்டிய அணி 18 சதவீதம் வாங்கி, தர்மபுரி, கன்னியாகுமரி என இரண்டு இடங்களோடு நின்றது. 2024இல் மீண்டும் 18, மீண்டும் ஏமாற்றம். பத்து ஆண்டு உழைப்பில் அந்த எண் அசையவில்லை என்பதைக் கவனிக்கலாம், அதற்குள் பா.ஜ.க.வின் பங்கு வளர்ந்திருந்தாலும்.

சிறிய கட்சிக்கு எது லாபம்?

1996இல் பா.ம.க.வும் ம.தி.மு.க.வும் வெவ்வேறு சிறிய அணிகளில் நின்றன; இரண்டுக்கும் மக்களவையில் பூஜ்யம். 1998இல் ஜெயலலிதாவோடு சேர்ந்ததும் பா.ம.க.வுக்கு 4, ம.தி.மு.க.வுக்கு 3. அடுத்த ஆண்டே கருணாநிதி பக்கம் தாவி 5, 4. அந்தக் கட்சிகளின் சொந்த வாக்கு அந்த மூன்றாண்டுகளில் பெரிதாக மாறியிருக்க முடியாது. மாறியது பக்கம் மட்டுமே. பா.ம.க. நிறுவனர் ராமதாசை எல்லோரும் கேலி செய்தார்கள். அவர் கணக்கு அப்போது சரியாகவே இருந்தது.

இப்போது அந்தத் தாவல் எடுபடுவதில்லை. தி.மு.க. அணி 2019க்குப் பிறகு இறுகிவிட்டது. அதன் சிறு கட்சிகள் வெளியே போனால் பூஜ்யம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டன. அதற்கு அவை கொடுக்கும் விலை சின்னம். 2019இல் ம.தி.மு.க.வின் ஈரோடு வேட்பாளரும், விழுப்புரத்தில் சிறுத்தைகளின் ரவிக்குமாரும் உதயசூரியனில் நின்றுதான் வென்றார்கள். வெற்றி உறுதி, ஆனால் தி.மு.க. சின்னத்தில் வென்றவர் மக்களவைப் பதிவேட்டில் தி.மு.க. உறுப்பினர், அதன் கொறடா உத்தரவு அவரையும் கட்டும். சொந்தக் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் தேடித்தரவும் அந்த வாக்குகள் உதவாது.

2024இல் சிறுத்தைகள் இரண்டு தொகுதிகளிலும் பானைச் சின்னத்தில் நின்று வென்றார்கள், அங்கீகாரமும் கிடைத்தது. திருச்சியில் உதயசூரியன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த துரை வைகோ, தீப்பெட்டிச் சின்னத்தோடு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். கூட்டணியின் வாக்கு உதயசூரியன் அல்லாத சின்னத்துக்கும் முழுதாக வந்து விழுமா என்ற சோதனையில் அவர் தேறினார். அதே ஆண்டு திண்டுக்கல்லில் எஸ்.டி.பி.ஐ. கட்சிக்கு இடம் கொடுத்தது அ.தி.மு.க.; பா.ஜ.க.வை விட்டு வந்துவிட்டோம், இனிச் சிறுபான்மை வாக்கு திரும்பும் என்ற எதிர்பார்ப்பு. மார்க்சிஸ்ட் கட்சி 4.43 லட்சம் வித்தியாசத்தில் வென்றது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி, 1973 இடைத்தேர்தலில் முதன்முதலாக வென்ற தொகுதி அது.

2025 ஏப்ரலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மீண்டும் சேர்ந்ததாகச் சென்னையில் அமித் ஷா அறிவித்தபோது, பழைய 41 சதவீதத்தை உடனே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பேச்சுவார்த்தைக்கு எடுத்துப் போக வேண்டியிருந்த தாள் 2024இனுடையது அல்ல, இருவரும் சேர்ந்து நின்று 31 சதவீதத்தை ஒட்டி வாங்கி ஒரே ஒரு தொகுதியோடு திரும்பிய 2019இனுடையது.