பழுதான சார்ஜ் ஃபானை யார் திருப்பி எடுப்பார்: தளமா, பேஸ்புக் பக்கமா, டவுன் கடையா?

கரன்ட் நின்றாலும் பற்றறியில் ஓடும் சார்ஜ் ஃபான் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் இப்போது முதலில் யோசிப்பது வேறு. இது பழுதானால் எத்தனையாவது நாளில் பழுதாகும்? அந்த நாளில் விற்றவர் எங்கே இருப்பார்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரன்ட் நின்றதை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு குடும்பத்துக்குள் மூன்று சார்ஜ் ஃபான்கள் வந்தன. அம்மாவுக்கு வாங்கியது ஒரு பெரிய ஒன்லைன் தளத்தில், 6,900 ரூபாய். கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வாங்கியது ஒரு பேஸ்புக் பக்கத்தில், 5,800. சுன்னாகத்தில் இருக்கும் அக்காவுக்கு வாங்கியது யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில், 9,500. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உருவம், ஒரே பிளாஸ்டிக். மூன்றும் பழுதாயின. அதனால்தான் ஒப்பிட முடிகிறது.

தளத்தில் வாங்கியது நாலாம் நாள் நின்றது. சுவிட்சைப் போட்டால் மோட்டர் உறுமும், இறக்கை அசையாது. தளத்தின் விதிப்படி பொருள் கைக்கு வந்து 7 நாட்களுக்குள் திருப்பலாம். ஆனால் கூரியர் பெடியன் போன் எடுத்த அன்றே “ஒப்படைத்தாயிற்று” என்று பதிந்துவிட்டு, பொதியை அடுத்த நாள்தான் கொண்டுவந்திருந்தான். ஆக எங்களுக்குக் கிடைத்தது 6 நாள். செயலியில் முறையிடப் போனால் முதலில் பதில் சொன்னது இயந்திரம். அப்புறம் ஒரு மனிதர் வந்தார், அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும். தமிழ் தெரிந்தவர் திரும்ப அழைப்பார் என்றார்கள், அழைப்பு வரவில்லை. இந்த ஃபானை அம்மா தானாகத் திருப்ப முயன்றிருந்தால் அந்த இடத்திலேயே விட்டிருப்பார். காசு கட்டும் பக்கம்வரை தமிழில் வருகிறது, முறைப்பாட்டுப் பக்கத்தில் காணாமல் போகிறது.

அடுத்தது பெட்டி. வந்த பெட்டியிலேயே வைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அம்மா அதற்குள் அதில் வெங்காயம் போட்டுவிட்டார். வெங்காயத்தைக் கொட்டி, சருகைத் தட்டி, ஃபானை வைத்து டவுனிலுள்ள கூரியர் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 11 நாளில் முழுக் காசும் வங்கிக் கணக்குக்கு வந்தது. சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று இடங்களில் காசாகத் திருப்பித் தந்தது இது ஒன்றுதான்.

ஆனால் இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது. இந்த ஃபான்களில் மோட்டர் அடிக்கடி போவதில்லை, போவது பற்றறி. மலிவான பற்றறி முதல் வாரம் நன்றாகத்தான் ஓடும். மூன்றாம் வாரம், இரண்டாம் மாதம் என்று மெல்ல மெல்லக் குறையும். அப்போது 7 நாள் முடிந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். அம்மாவுடையது நாலாம் நாளே செத்ததால்தான் தப்பினோம். எட்டாம் நாள் செத்திருந்தால் அதே தளம் “விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்” என்று ஒரு வரி அனுப்பியிருக்கும்.

எங்கள் வீட்டு ஃபானுக்கு அதுதான் நடந்தது, இன்னும் மோசமாக. பேஸ்புக் பக்கத்துக்கு இரவு 11 மணிக்கு மெசேஜ் போட்டால் அரை நிமிடத்தில் “ஓம் அண்ணா, இருக்கு அண்ணா” என்று பதில். ஒரு வருட வாரண்டி என்றும் அதே வட்ஸ்அப்பில் எழுதினார்கள். பொதி வந்தபோது பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “காசு தந்தால்தான் பிரிக்கலாம் அண்ணை, எங்களுக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாது” என்றார் கூரியர்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே ஃபான் இருந்தது. சார்ஜரின் பின் மட்டும் சீனத் தட்டைப் பின். நம் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்குக்குப் பொருந்தாது, அதற்கு வேறாக ஒரு அடாப்டர் வாங்கினேன்.

24 ஆம் நாள், கரன்ட் நின்ற ஒரு மத்தியானம், முழுச் சார்ஜில் இருந்த ஃபான் 20 நிமிடத்தில் நின்றது. வீடியோ எடுத்து அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. மறுநாளும் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர்களுடைய புரொபைல் படம் மறைந்துவிட்டது. வட்ஸ்அப்பில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்: என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள்.

சரி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம் என்று நினைத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் யார்மேல் முறையிடுவது? பொதியின் மேல் இருந்தது ஒரு போன் இலக்கமும் “கொழும்பு 11” என்ற இரண்டு சொல்லும். கொழும்பு 11 என்றால் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் மட்டும் எத்தனை எலெக்ட்ரோனிக் கடை! பில் கேட்டால் விற்பவர் கொடுத்தேயாக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. தளத்தைவிட 1,100 ரூபாய் லாபம் என்ற சந்தோஷத்தில் நான் கேட்கவில்லை.

இதைவிடப் பரிதாபம் என் மருமகன் கதை. அவன் இப்படியான ஒரு பக்கத்தில் வேப், அதாவது மின் சிகரெட், வாங்கியிருக்கிறான். ஒரு வாரத்தில் சார்ஜ் ஏறவில்லை, பக்கமும் காணாமல் போய்விட்டது. புகையிலை அடங்கிய மின் சிகரெட்டுக்கு 2016 ஆம் ஆண்டிலேயே இங்கே தடை வந்துவிட்டது. 1977 இற்கும் சொல்ல ஏலாது, தகப்பனுக்கும் சொல்ல ஏலாது. அவனை ஏமாற்றியவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

கடை விஷயத்துக்கு வருவோம். மின்சார நிலைய வீதிப் பக்கத்தில் அந்தக் கடை. 9,500 கொடுக்கும்போதே வயிறு எரிந்தது. பில்லின் பின்பக்கத்தில் வழக்கமான வாசகங்கள்: ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள், எரிந்த அடையாளம் இருந்தால் வாரண்டி இல்லை, தண்ணீர் பட்டால் இல்லை, உடைந்தால் இல்லை. அந்த 15 நாள் எங்கே போனது என்று எந்தக் கடைக்காரரும் எனக்கு விளக்கியதில்லை.

அக்காவின் ஃபான் ஐந்தாம் மாதம் பற்றறி இறங்கியது. கொண்டுபோனதும் முதலாளி எங்களைத்தான் குற்றம் சொன்னார். “சார்ஜில போட்டுக்கொண்டே ஓட விட்டிருப்பியள் தங்கச்சி.” அக்கா விடவில்லை. “அண்ணை, விக்கேக்க நீங்கள்தானே அப்பிடியும் ஓடும் எண்டு சொன்னனீங்கள்?” கொழும்பு ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு கிழமை என்றார். ஐந்து கிழமை ஆனது. சுன்னாகத்திலிருந்து மூன்று தரம் பஸ்ஸில் வந்துபோனார் அக்கா. கடைசியில் புதுப் பற்றறி போட்டு, ஒரு ரூபாய்கூட வாங்காமல் கொடுத்தார்கள். இதில் சேவை என்று சொல்ல ஒன்றுமில்லை. முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, எப்போது வரும் என்று ஒருதரம்கூட அழைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் நாளைக்கும் அதே கடையைத் திறக்க வேண்டும். அக்கா நாலு பேர் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் ஒவ்வொரு தரமும் போனார்.

எங்கள் வீட்டு ஃபானைக் கடைசியில் காப்பாற்றியது நாலாவது ஓர் இடம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னத் திருத்தும் கடை. கடைத் தம்பி ஃபானைக் கழற்றி உள்ளே இருந்த இரண்டு பற்றறிகளைக் காட்டினான். 18650 என்கிற உருளை வகை: 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம். பல வேப் கருவிகளிலும் இதே வகைதான். பற்றறியின் கொள்ளளவு என்று பெட்டியில் போட்டிருந்தது 12,000 மில்லி அம்பியர் மணி. இந்த அளவில் நல்ல கம்பனிப் பற்றறியே ஒன்றுக்கு 3,500 அளவில்தான் தாங்கும். இரண்டு போட்டால் 7,000. அப்படியானால் 12,000 எங்கிருந்து வந்தது? “அது ஸ்டிக்கர் அடிச்சவருக்குத்தான் தெரியும்” என்றான். பழையவை ஒவ்வொன்றும் 1,200 கூடத் தாங்கவில்லை. புதியவை போட 1,800 ரூபாய் எடுத்தான். ஆக, 5,800 ஃபானுக்கு அடாப்டரைச் சேர்க்காமலே 7,600 ஆகிவிட்டது. கையில் ஒரு துண்டில் திகதியும் எழுதித் தந்தான், மூன்று மாதத்துக்குள் இறங்கினால் கொண்டு வரச் சொல்லி.

என்னைக் கேட்டால், பற்றறி உள்ள எதையும் இனி ஒன்லைனில் வாங்க மாட்டேன். வயர், போன் கவர், கரண்டி மாதிரி வந்த அன்றே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும் சாமான்களுக்குத் தளம் போதும், மலிவும்கூட. முகவரியும் பில்லும் தராத பேஸ்புக் பக்கத்தில் எதையும் வாங்க மாட்டேன். வெளிநாட்டுத் தளங்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. லித்தியம் பற்றறியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு, திருப்பி அனுப்பும் செலவு ஃபானின் விலையைத் தாண்டிவிடும்.

அம்மாவுக்குத் திரும்பி வந்த காசோடு 2,600 சேர்த்து, அக்கா வாங்கிய அதே கடையில் ஒன்று எடுத்தேன். முதலாளிக்கு என்னை அடையாளம் தெரிந்தது, பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. பில் அச்சடித்த தாள் வெயில் பட்டால் வெறும் வெள்ளையாகிவிடும் என்பதால் அங்கேயே போனில் படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்பினேன். பெட்டி இப்போது அலுமாரிக்கு மேலே. வெங்காயம் போட ஒரு பெட்டி வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். 350 நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.