ஆட்வ்கிளீனர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு என் கருத்து

அக்கா பையன் போன வாரம் போன் செய்தான். "மாமா, லேப்டாப்புல மூலையில விளம்பரமா கொட்டுது. கடையில ஃபார்மேட் போட்டாத்தான் போகும்னு சொல்றாங்க. நீங்க வச்சிருக்கிற ஆட்வ்கிளீனரை ஓட்டினா போதுமா?" என்றான். ஆட்வேரை, அதாவது வேறு எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்து விளம்பரம் காட்டும் மென்பொருளை, விண்டோஸில் தேடி நீக்கும் கருவிதான் ஆட்வ்கிளீனர். இதே கேள்வியை நண்பர்களும் கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாராட்டு. என் பென்டிரைவில் எத்தனையோ மென்பொருள்கள் வந்து போயிருக்கின்றன, ஆட்வ்கிளீனர் மட்டும் அப்படியே இருக்கிறது. சில எம்பி அளவுள்ள ஒற்றை ஃபைல். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடும், வேலை முடிந்ததும் மூடிவிடலாம். பின்னணியில் உட்கார்ந்து மெமரியைத் தின்னாது. பிரான்ஸில் தனி ஆட்கள் உருவாக்கியது இது. 2016இல் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் வாங்கியபோது, இனி காசு கேட்பார்கள் என்று பலரும் நினைத்தோம். இன்றும் இலவசமாகத்தான் கிடைக்கிறது.

ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் தொற்றிக்கொண்டு வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். பாபிலோன், காண்டூயிட் என்று பிரவுசரின் தலையில் வரிசையாகப் பட்டைகள், ஹோம்பேஜ் எங்கோ ஒரு தேடுதளத்துக்கு மாறியிருக்கும். கன்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் செய்தாலும் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் வேர் இருக்கும். ஆன்டிவைரஸ்கள் பல, இவை வைரஸ் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டன. ஆட்வ்கிளீனர் அந்த வேரைத்தான் தேடியது: ரிஜிஸ்ட்ரி, குறித்த நேரத்தில் மென்பொருளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசர் ஷார்ட்கட்டின் வாலில் ஒட்டியிருக்கும் முகவரி வரைக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அழிக்கும் முன் எல்லாவற்றையும் பெயரோடு பட்டியல் போட்டுக் காட்டுவது. நீக்க வேண்டாததற்கு டிக்கை எடுத்துவிடலாம். நீக்கியதெல்லாம் குவாரன்டைன் என்ற தனி இடத்தில் பூட்டப்பட்டு இருக்கும், திரும்பக் கொண்டுவரலாம். நடந்ததற்கு சி டிரைவில் லாக், அதாவது பதிவுக் குறிப்பு, இருக்கும். கம்ப்யூட்டர் தெரியாதவரிடம்கூட அந்த லாகைத் திறந்து, "இந்த இலவச வீடியோ கன்வெர்ட்டரோடு வந்தது இது" என்று காட்ட முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். லேப்டாப் கம்பெனி முன்பே போட்டு அனுப்பிய மென்பொருளையும் இது தனியாகப் பட்டியலிடும். அதில் டச்பேட், ஃபங்ஷன் கீ சம்பந்தப்பட்டது இருக்கலாம். பார்க்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போடாதீர்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம் மெனுவின் அடியில், உங்கள் நிறுவனம் இந்தப் பிரவுசரை நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆன்டிவைரஸ் போட்டிருந்தாலும் சில சமயம் அப்படி வரும். ஆனால் நிறுவனங்கள் பிரவுசரைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் பாலிசி என்ற பெயரில் ரிஜிஸ்ட்ரியில் எழுதி, நீக்கவே முடியாதபடி எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேரும் குட்டி மென்பொருளை) திணிக்கும் ஆட்வேரும் அப்படித்தான் தெரியும். ரிமூவ் பட்டனே வேலை செய்யாது. ஆட்வ்கிளீனரின் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளை ரீசெட் செய்யும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து ஓட்டிவிட்டு, ரீஸ்டார்ட் ஆனபின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் போய்க் கையால் நீக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால், பிரவுசர் அமைப்புகளைக் கூகுள் கணக்கில் சேமித்துத் திரும்பக் கொண்டுவரும் சிங்க் வழியாக அதே எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்துவிடலாம். ஃபார்மேட் போட்டாலும் இதேதான். விண்டோஸ் புத்தம்புதிதாக இருக்கும், லாகின் செய்ததும் பழைய எக்ஸ்டென்ஷன் வந்து உட்காரும். காசு வாங்கிக்கொண்டு ஃபார்மேட் போடும் கடைகளில் இதை யாராவது சொல்லி அனுப்புகிறார்களா என்றால், நான் பார்த்தவரை இல்லை.

இவ்வளவு நல்ல கருவி கையில் இருந்தும், இப்போதெல்லாம் பாதி வீடுகளில் இதை ஓட்டினால் ஒன்றும் கிடைப்பதில்லை. ஸ்கேன் சுத்தம் என்று முடியும், அந்த நிமிடமே வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று ஒரு பெட்டி எழும்பும். பல வருடமாக என்னை எரிச்சலூட்டுவது இதுதான். கருவி சரியாகத்தான் சொல்கிறது. கம்ப்யூட்டரில் ஆட்வேர் எதுவும் கிடையாது. ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப பிரவுசரில் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

2015இல் குரோம் 42ஆம் பதிப்போடு இந்தப் புஷ் அறிவிப்பு வந்தது. செய்தித் தளங்களுக்குப் பயன்படும் என்றார்கள். விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி கொடுங்கள்", "வீடியோ பார்க்க அனுமதி கொடுங்கள்" என்று ஏமாற்றி ஒரு கிளிக் வாங்கிவிட்டால் போதும், அந்தத் தளத்தை மூடிய பிறகும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். 2020இல் குரோம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனாலும் தமிழ் எழுத்துரு, பழைய பாட்டு, கேள்வித்தாள் என்று தேடிப்போகிறவர்கள் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது விளம்பரத்தால்கூட இல்லை. ரிட்டயர்டான ஒருவர், பேரனோடு வீடியோ கால் பேச மட்டும் லேப்டாப் வைத்திருப்பவர், பிரபல ஆன்டிவைரஸ் லோகோவோடு மூலையில் வரும் சிவப்புப் பெட்டியைப் பார்த்து பயப்படுகிறார். அதை கிளிக் செய்கிறார். கார்டு நம்பர் கேட்கும் பக்கம் திறக்கிறது. இப்படிப் பயப்படுத்திப் பணம் பறிப்பதைப் பல ஸ்கேனர்கள் ஆட்வேர் என்று பிடிக்காதபடி வைத்திருக்கிறார்கள்.

வழி சுலபம்தான். பெட்டி வரும்போது அதிலுள்ள எழுத்தை விட்டுவிட்டு, பிரவுசர் பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ சிறிதாக இருக்கும் தள முகவரியைப் படியுங்கள். முகவரி இருந்தால் அது அறிவிப்பு. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாததையெல்லாம் நீக்கிவிட்டு, எந்தத் தளமும் கேட்கக்கூடாது என்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்ஜிலும் ஏறக்குறைய இதே வழிதான். குரோமுக்குள்ளேயே முன்பு ஒரு கிளீனப் டூல் இருந்தது. 2023இல் 111ஆம் பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள், தேட வேண்டாம்.

ஆக, ஆட்வ்கிளீனரை டவுன்லோட் செய்யலாமா என்றால், இத்தனை பாராட்டியும் என் பதில் "இப்போதே வேண்டாம்" என்பதுதான். முதலில் அறிவிப்புப் பட்டியல், அப்புறம் எக்ஸ்டென்ஷன் பக்கம். இரண்டும் சுத்தமாக இருந்தும் ஹோம்பேஜ் மாறுகிறது, தேடல் வேறெங்கோ போகிறது என்றால் அப்போது ஓட்டுங்கள். மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இதே பெயரில் போலி ஒன்று வந்து, இல்லாத தொற்றைக் காட்டிப் பணம் கேட்டதுண்டு. தமிழில் டைப் செய்வதற்காகக் கண்ட தளத்தில் மென்பொருள் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று: 2019 முதல் விண்டோஸ் 10லேயே தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டு இருக்கிறது. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டைச் சேர்த்தால் போதும், கண்ட தளத்திலிருந்து எதையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.