நாலு சிப் ரிமோட்: வாங்கட்டா என்று கேட்கும் மச்சானுக்கு

பல ரக ரிசீவர்களோடும் பேசக்கூடிய மல்ட்டி புரொட்டோகோல் பிளேன் ரிமோட்டின் விலை இறங்கியதிலிருந்து கல்முனை மச்சான் "வாங்கட்டா, வேணாமா?" என்று என்னைப் போட்டுப் பிய்க்கிறான். திரை, ஸ்டிக், பற்றரி எல்லாம் அவனுக்கே தெரியும். இவ்வளவு காலம் வைத்திருந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது பைண்டிங், அதாவது ரிமோட்டையும் பிளேனில் இருக்கும் ரிசீவரையும் ஜோடி சேர்ப்பது பற்றித்தான். என்னைச் சந்தோசப்படுத்தியதும் அதுதான், பிரஷரை ஏற்றியதும் அதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே நாலு ரேடியோ சிப் இருக்கிறது. ஏ7105 ஃப்ளைஸ்கை கம்பனி ரிசீவருக்கு, சிசி2500 ஃப்ரஸ்கைக்கு, சிவைஆர்எஃப்6936 ஸ்பெக்ட்ரத்துக்கு, என்ஆர்எஃப்24எல்01 விளையாட்டு ட்ரோன்களுக்கு. எல்லாமே 2.4 கிகாஹேர்ட்ஸ்தான், ஆனாலும் ஒன்று பேசுவது மற்றதுக்கு விளங்காது. நம்ம பக்கத்தில் ஒரே ரக ரிசீவராகப் பார்த்து வாங்குகிற வசதி யாருக்கு இருக்கிறது? உடைந்த பிளேனில் கழற்றியது, ஒன்லைனில் மலிவாகக் கிடைத்தது, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். ஜெர்மனி மாமா கொண்டுவந்த ரிசீவர் யாருடைய ரிமோட்டோடும் சேராமல் செத்த சாமானாகக் கிடந்தது. ஃப்ரஸ்கையின் டி16 என்ற முறையில், ஐரோப்பாவுக்கான எல்பிடி ஃபேர்ம்வெயார் (உள்ளே ஓடும் மென்பொருள்) போட்ட ரிசீவர், மற்ற நாட்டு ரிமோட்டோடு பைண்ட் ஆகாது. இந்த ரிமோட்டின் பட்டியலில் டி16 எல்பிடி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்து, ரிசீவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கரண்ட் கொடுத்தேன். சேர்ந்துவிட்டது. அன்று இந்த ரிமோட்டைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

அப்புறம் பறக்கவிட வட்டைக்குப் போனோம். மட்டக்களப்புப் பட்டணத்தோடு ஒட்டி விமான நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் ஏற்ற நினைக்கவே கூடாது. மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், பெரும்போக வெட்டு முடிந்த வயலில்தான் எங்கள் பறப்பு. மேசையில் சுக்கானை அசைக்கும் சேர்வோ மோட்டர்கள் எல்லாம் சொன்னபடி ஆடிய, மாமாவின் ரிசீவர் பூட்டிய அதே ரெஜிஃபோம் பிளேன், அங்கே ரேஞ்ச் செக் (சிக்னலைக் குறைத்து எட்டும் தூரம் பார்ப்பது) போட்டுச் சும்மா கொஞ்சத் தூரம் நடந்ததும் கேட்காமல் போனது. சுக்கான் ஒரு பக்கம் இழுத்தபடியே நின்றது.

கோளாறு சிசி2500இல் இருக்கிறது. அதன் அலைவரிசை சிப்புக்குச் சிப் ஒரு துளி விலகும். பைண்ட் ஆகிற அளவுக்குக் கிட்ட வரும், ஆனால் நடுவில் நிற்காது. ஆகவே 'ஃபைன் ட்யூன்' என்ற எண்ணை நாமே தேட வேண்டும். சுழியத்திலிருந்து கீழே கீழே இறக்கி, எந்த எண்ணில் தொடர்பு அறுகிறது என்று பார். பிறகு மேலே ஏற்றி அங்கே எதில் அறுகிறது என்று பார். இரண்டுக்கும் நடுவை வை. எனக்கு இந்தப் பக்கம் -58, அந்தப் பக்கம் +14. ஆகவே -22. எழுதினால் நாலு வரி. வரம்பில் குந்திக்கொண்டு, வெயிலில் திரை தெரியாமல், ஒவ்வொரு எண்ணாக உருட்டிப் பாருங்கள், அப்போது விளங்கும். மாடு சாய்த்துக்கொண்டு போன ஐயா திரும்பி வரும்போதும் நான் அதே இடத்தில்தான். "என்ன மனே, இன்னும் ஏறல்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதைப் பற்றி ரிமோட்டோடு வந்த தாளில் ஒரு வரி கிடையாது. கோபம் அதில்தான். எல்லாவற்றோடும் சேரும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவனுக்கு இதை எழுத இடமில்லையாம்! நியாயமாகப் பார்த்தால், எண்ணைச் சரியாக வைத்த பிறகு அந்த ரிசீவர் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. ஏ7105 ரிசீவர்களுக்கு எனக்கு இந்தத் தலையிடியே வரவில்லை. ஸ்பெக்ட்ரம் ரகமும் பிளக்கைக் குத்தினோமா, பைண்ட் பண்ணினோமா, கழற்றினோமா என்று முடிந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் மச்சான் மறக்கக்கூடாது: எந்த ரகமானாலும் மோட்டரின் ஃபேனைக் கழற்றிவிட்டுத்தான் பைண்டிங். முடிந்ததும் ரிமோட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும், மோட்டர் நிற்கிறதா என்று. ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடு) வைக்காத ரிசீவர் கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். உன்னிடம் பழைய ரிசீவர் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு நாலு சிப்? எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற முறையில் ஓடும் ரிமோட்டும் ரிசீவரும் எடு. ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே பைண்டிங் வாசகத்தை ஏற்றிவிட்டால் தானாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டிலும் ஃபேர்ம்வெயாரின் முதல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். 2ம் 3ம் கலந்தால் சேராது.

"அப்ப உன்னுடையதை அரை விலைக்குத் தா" என்கிறான். தரமாட்டேன்.